மூக்குக்குள் ஒரு வாட்ச்மேன்

மூக்கு என்று ஒன்று இருப்பதே அது அடைத்துக்கொண்ட பிறகுதான் நம் நினைவுக்கு வருகிறது. சளி பிடித்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு விடியவிடிய நடந்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் காளிராஜுக்கு வந்தது சளி இல்லை. மீசை முளைக்கும் முன்பே விருதுநகர்ப் பக்கம் வத்தல் சேமித்து வைக்கும் ஒரு கிட்டங்கியில் மூட்டை தூக்கப் போனவன் அவன். வருஷக்கணக்காக மிளகாய் வத்தல் தூசியைக் குடித்ததில் மூக்கின் இரண்டு பக்கமும் சதை வளர்ந்துவிட்டது. நடுத்தண்டு வேறு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வாயால் மூச்சு விட்டு, வாயால் உறங்கி, சோற்றை மெல்லும்போது மூச்சுக்காக நிறுத்தி நிறுத்தித் தின்று பழகியிருந்தான்.

இது நம் காலத்துக்குக் கொஞ்சம் தள்ளி நடந்த கதை. லாரிகள் டிரைவர் இல்லாமல் தாமாக வந்து கிட்டங்கி வாசலில் நிற்கத் தொடங்கியிருந்தன. மூட்டையை மட்டும் அப்போதும் மனுஷன்தான் தூக்கிக்கொண்டிருந்தான்.

அடைத்த மூக்கோடு அவன் பாட்டுக்கு வாழ்ந்திருப்பான். சஷ்டிகா பிறந்ததால்தான் எல்லாம் ஆரம்பித்தது. அவன் மனைவி ஈஸ்வரி வருஷக்கணக்கில் சஷ்டி விரதம் இருந்து பெற்ற பிள்ளை. பார்க்க வந்தவர்களெல்லாம் கையில் வாங்கியதும் செய்த முதல் காரியம், நம் வழக்கப்படி, உச்சி முகர்ந்ததுதான். கன்னத்தில் முத்தமிடுகிறவர்கள் குறைவு. தலையுச்சியில் மூக்கை வைத்து ஒரு இழுப்பு.

“ஆத்தாடி, என்னா மணம்! டேய் தம்பி, மோந்து பாருடா. தாழம்பூ கெட்டுது போ” என்றாள் காளிராஜின் அக்கா ஜோதி. ஊருக்கே அவள் சோதியக்கா.

காளிராஜ் குனிந்து இழுத்தான். தொண்டையில் ‘கொர்’ரென்று ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். பிள்ளை திடுக்கிட்டு அழுதது.

“எப்படிக்கா மணக்குது?”

“அதை எப்படிடா சொல்றது? புதுப்பானையில பால் காய்ச்சின மாதிரி.”

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். புதுப்பானையில் காய்ச்சிய பால் எப்படி மணக்கும் என்பதும் அவனுக்கு மறந்து போயிருந்தது.

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் அப்போது புதுமுறையில் மூக்கு ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார்கள். டாக்டர் பெனிட்டா அவன் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

“பழைய முறைன்னா தண்டை நேராக்கி, சதையைக் குறைச்சு விட்டுருவோம். முதல் ஆறு மாசம் எல்லாரும் கையெடுத்துக் கும்பிடுவாங்க. அப்புறம் வருஷம் போகப் போக ஒவ்வொருத்தரா திரும்பி வருவாங்க.”

“எங்கப்பா கூட அப்படித்தாங்க டாக்டர். நாலஞ்சு வருஷத்துல பழையபடி அடைச்சுக்கிட்டு.”

“ஆமா. நாங்க மூக்கைத்தானே மாத்துறோம். காத்து பழைய காத்துதானே? அதனாலதான் இந்தப் புதுச் சதை. உங்க உடம்புல இருந்தே எடுத்து வளர்க்கிறது. பழைய சதையை எடுத்துட்டு இதை வச்சிருவோம். நல்ல காத்துக்கு விரியும், கெட்ட காத்துக்குச் சுருங்கும். எது நல்லது, எது கெட்டதுன்னு முதல் ஒரு மண்டலம் படிச்சுக்கும், பச்சப்புள்ள மாதிரி. அதுவரைக்கும் தூசி, புகை பக்கமே போகக் கூடாது. அப்ப படிச்சதை அது மறக்காது.”

“வாசல்ல வாட்ச்மேன் வச்ச மாதிரின்னு சொல்லுங்க.”

டாக்டர் சிரித்தார். அந்தப் பெயரே ஊரில் நிலைத்துவிட்டது. அடுத்த வருஷம் கிட்டங்கியில் ஒருவரை ஒருவர் ‘என்னப்பா, வாட்ச்மேன் வச்சாச்சா?’ என்றுதான் கேட்டுக்கொண்டார்கள்.

கட்டுப் பிரித்து வீடு திரும்பிய அன்று காளிராஜ் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. நேரே தொட்டிலுக்குப் போய்ப் பிள்ளையை அள்ளினான். உச்சியில் மூக்கை வைத்தான்.

அக்கா சொன்னது தப்பு. புதுப்பானையும் இல்லை, பாலும் இல்லை. வெயிலில் காய்ந்த துணியை மடிக்கும்போது வருமே, அது. அதற்கு அடியில் மெல்லிய ஒரு புளிப்பு. அதற்கும் அடியில் பெயர் தெரியாத ஒன்று. அவன் மறுபடி இழுத்தான். கண்ணில் தண்ணீர் வந்தது.

“என்னங்க, வலிக்குதா?” என்று ஈஸ்வரி பதறினாள்.

“இவ்வளவு நாளா இது இங்கயேதான் இருந்துச்சா ஈஸ்வரி?”

மருத்துவ விடுப்பு முழுவதும் அவன் வீட்டில்தான் இருந்தான். டாக்டர் சொன்ன சொல்லைத் தட்டவில்லை. கிட்டங்கித் தெருவில் கால் வைக்கவில்லை, பீடி குடிக்கிறவன் பக்கம் நிற்கவில்லை. பிள்ளையை மடியில் வைத்து மோந்து மோந்து பார்த்துக்கொண்டிருப்பதே வேலை. தெருவே அதை வேடிக்கை பார்த்தது. “காளிராஜு மூக்கை விட்டு அந்தப் புள்ளையை இறக்கவே மாட்டேங்கானே” என்று ஒருத்தி சொல்ல, அது சோதியக்கா காதில் விழுந்துவிட்டது.

“ஊர்க்கண்ணு பூராம் உங்க ரெண்டு பேரு மேலயும்தான். உக்காருடா கிழக்க பார்த்து.”

மூன்று தெரு கூடுமிடத்து மண், கல்லுப்பு, காம்பு கிள்ளாத வத்தல். அப்பனையும் பிள்ளையையும் சேர்த்து உட்காரவைத்துச் சுற்றினாள். ‘தூ தூ’ என்று துப்பி, பக்கத்தில் இருந்த தணல் சட்டியில் போட்டாள். பிள்ளைக்குப் புகை படக் கூடாதென்று காளிராஜ் அதன் முகத்தை நெஞ்சோடு அணைத்துத் துண்டால் மூடிக்கொண்டான். உச்சி மட்டும் அவன் மூக்குக்கு நேரே இருந்தது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்குச் சுற்றுகிறோமோ அவருக்கு நெடி ஏறிக் கமற வேண்டும். கமறினால் கண் கழிந்தது.

“நெடி ஏறுதாடா?”

“இல்லக்கா.”

“கொஞ்சங்கூடவா?”

“ஒண்ணுமே தெரியலக்கா.”

சோதியக்கா ஈஸ்வரியைத் திரும்பிப் பார்த்தாள். “பார்த்தியாத்தா! இவ்வளவு வத்தல் எரிஞ்சும் ஒரு கமறல் இல்ல. அப்ப எம்புட்டுக் கண்ணு இருக்கும்?”

மறுநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் மறுபடி சுற்றினாள். அதற்கு மறுநாளும். கமறுகிற வரைக்கும் விடக் கூடாது என்பது அவள் கணக்கு. மண்டலம் முடிகிற மட்டும் ஒரு சாயங்காலம் தவறவில்லை. காளிராஜ் ஒரு தடவைகூடக் கமறவில்லை. “பொல்லாத கண்ணுடா தம்பி” என்று கடைசியில் அவளே ஓய்ந்தாள்.

அதன் பிறகு ஒரு நாள் காலையில் பிள்ளையைத் தூக்கி உச்சியில் மூக்கை வைத்தான். கடைக்காரர் ஷட்டரை இழுத்து விட்டதுபோல் மூக்கு இரண்டு பக்கமும் மூடிக்கொண்டது. பிள்ளையைத் தொட்டிலில் விட்டு வாசலுக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் திறந்தது. உள்ளே வந்து தூக்கினான். மூடியது. சளி பிடிக்கப் போகிறது என்று நினைத்துக் கஷாயம் குடித்தான்.

சளி வரவில்லை. நாளாக ஆக, தூக்க வேண்டும் என்பதுகூட இல்லாமல் போயிற்று. பிள்ளை தவழ்ந்து பக்கத்தில் வந்தாலே போதும். மூக்கு மூடி, முகமெல்லாம் கனத்து, நீருக்குள் அமுக்கிய மாதிரி ஒரு திகில் நெஞ்சில் ஏறும். வாயைத் திறந்துகொண்டு நகர்ந்து உட்காருவான். பிள்ளை சிரித்துக்கொண்டே பின்னாலேயே தவழும்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பதிவு செய்த பெண்குரல். “உங்கள் மூக்கடைப்பு இப்போது எவ்வளவு? பூஜ்யம் என்றால் அடைப்பே இல்லை. பத்து என்றால் முழு அடைப்பு.” பிள்ளை உறங்குகிறதே என்று அவன் போனை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்திருந்தான். தெருவில் மூக்கு நன்றாகத்தான் இருந்தது. உள்ளதைச் சொன்னான்: “பூஜ்யம்.”

நேரே போயும் காட்டினான். சுத்தமான காற்று விட்ட கண்ணாடி அறையில், மூக்கில் குழாய் வைத்து இழுக்கச் சொன்னார்கள். திரையில் பச்சைக்கோடு ஏறியது. “அண்ணே, உங்க மூக்குக்குள்ள ஷேர் ஆட்டோவே போகும்” என்றான் மெஷின் பார்க்கிற பையன். அடுத்த முறை போனபோது மனநல மருத்துவர் ஒருவரைப் பார்க்கச் சொன்னார்கள். அவர் மெதுவாகக் கேட்டார்: “குழந்தை பிறந்ததுல மனசுக்கு ஏதாவது பாரம் இருக்கா?”

அந்தக் கேள்வி எப்படியோ வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. ஈஸ்வரி சோறு போட்டுக்கொண்டே தரையைப் பார்த்துக் கேட்டாள்.

“பொம்பளப் புள்ளன்னு உங்களுக்கு மனசுல ஏதும் இருக்கா? இருந்தாச் சொல்லிருங்க.”

“கிறுக்கி மாதிரிப் பேசாத.”

“ஊருல பேசுறாக. எங்கம்மாவே கேக்குது. புள்ள கிட்ட வந்தா எந்திரிச்சு ஓடுற அப்பனை நான் எங்கயும் பார்க்கல.”

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். பிள்ளை அதற்குள் அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தது. திறந்த வாய் மூச்சுக்குத்தான் பயன்பட்டது.

அடுத்த முறை ஈஸ்வரியும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கண்ணாடி அறையில் காளிராஜ் குழாயோடு உட்கார்ந்திருந்தான். கோடு பச்சையாக ஏறி நின்றது. டாக்டர் பெனிட்டா, “இதைவிட நல்ல மூக்கை நான் யாருக்குத் தரமுடியும்?” என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, ஈஸ்வரியின் கையை உதறிக்கொண்டு சஷ்டிகா, “ப்பா” என்று உள்ளே ஓடி வந்து அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். கோடு சரிந்தது. சரிந்து தரையைத் தொட்டது.

டாக்டர் திரையையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பாப்பாவை வெளிய கூட்டிட்டுப் போங்கம்மா.”

கோடு ஏறியது.

“உள்ள கூட்டிட்டு வாங்க.”

கோடு விழுந்தது. திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். சஷ்டிகா அதை ஒரு விளையாட்டு என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை உள்ளே விட்டபோதும் கைதட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

டாக்டர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “முதல் மண்டலத்துல வீட்ல சாம்பிராணி, கொசுவத்தி ஏதாவது?”

“இல்லைங்க. நீங்க சொன்னதுல இருந்து எதுவுமே கிடையாது.”

“எதையாவது எரிச்சீங்களா?”

“எரிக்கலையே டாக்டர்” என்றாள் ஈஸ்வரி. “மதினி திருஷ்டிதான் கழிச்சாக.”

டாக்டர் கேட்கக் கேட்க அவள் சொன்னாள். பிள்ளையை மடியில் வைத்தது, துண்டால் மூடியது, எல்லாவற்றையும். “நெடி ஏறலைங்க. அதான் திரும்பத் திரும்பச் சுத்த வேண்டியதாப் போச்சு.”

“ஏறாதும்மா. ஏறவிடாம இருக்கத்தானே அதை வச்சோம்.” டாக்டரின் குரல் தாழ்ந்திருந்தது. “ஒவ்வொரு தடவையும் முதல்ல பிள்ளை வாடை. அடுத்து வத்தல் புகை. மண்டலம் பூரா, தினமும் அதே நேரத்துல. அது என்னன்னு படிக்கும்? இந்த வாடை வந்தா நெருப்பு வரப்போகுதுன்னு படிச்சிருக்கு.”

“இதை எடுத்துருங்க” என்றான் காளிராஜ். “எனக்குப் பழைய மூக்கே போதும்.”

“பழைய சதையை எடுத்துட்டுத்தானே இதை வச்சோம். இதையும் எடுத்தா மூக்கு வெறும் குகை. காத்து போகும், வரும். ஆனா போறதும் வாரதும் உங்களுக்குத் தெரியாது. திறந்த மூக்கோட மூச்சு முட்டிக்கிட்டே இருப்பீங்க. அது இதைவிடக் கொடுமை.”

“அப்ப இதுவும் வருஷம் போகப் போகக் கெட்டுப் போகாதா டாக்டர்? எங்கப்பாவுக்குத் திரும்ப அடைச்ச மாதிரி? அடைச்சிருந்தாக்கூடப் பிள்ளையத் தூக்கினேனே. வாடைதானே தெரியாம இருந்துச்சு. மூச்சு முட்டலையே.”

டாக்டர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில், கெட்டுப் போகுமா என்று ஆசையோடு கேட்டவன் அவன் ஒருவன்தான்.

“போகாதுன்னு சொல்லித்தானே நாங்க இதைக் கொண்டுவந்தோம்” என்றார்.

அன்றைக்குப் பிறகு சோதியக்கா தம்பி வீட்டுப் படி ஏறவில்லை. காளிராஜே தேடிப் போனான்.

“நீ நல்லதுக்குத்தானக்கா பண்ணுன.”

“நல்லதுக்குப் பண்ணினதுக்குத்தான்டா பரிகாரமே கிடையாது” என்றாள் அவள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பிள்ளை வளர வளர வாடை மாறும், கொஞ்ச காலம் விலகி இருந்தால் ஒருவேளை சதைக்கு அடையாளம் தெரியாமல் போகலாம் என்று டாக்டர் ஒரு நூல் நம்பிக்கை கொடுத்திருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு காளிராஜ் குண்டூர்ப் பக்கம் போய் ஒரு கிட்டங்கியில் மூன்று வருஷம் மூட்டை தூக்கினான். திரும்பி வந்தபோது சஷ்டிகா வாசலில் கட்டம் போட்டு நொண்டி விளையாடிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்து ஓடி வந்தவள், இரண்டு எட்டு இடைவெளியில் சட்டென்று நின்றாள். கிட்டே போகக் கூடாது என்று யாரோ நன்றாகப் பழக்கியிருந்தார்கள்.

“பரவால்ல, வா தாயி” என்று கையை நீட்டினான்.

வந்தாள். ஒரே ஒரு இழுப்பு கிடைத்தது. வெயிலில் காய்ந்த துணி இல்லை அது. பள்ளிக்கூடத்து வேர்வை, தேங்காயெண்ணெய், ரப்பர். இதுதானா என்று அவன் நினைக்கும்போதே, அடியில் இருந்த அந்தப் பெயர் தெரியாத ஒன்றை மூக்கு கண்டுபிடித்துவிட்டது. ஷட்டர் விழுந்தது.

அவன் முகம் மாறியதைப் பார்த்து, அவளாகவே இரண்டு எட்டு பின்னால் போனாள்.

இதற்கிடையில் ஊரில் வேறொன்று நடந்திருந்தது. வத்தல் மண்டிக்காரர்களே ஆட்களை வரிசையாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வாட்ச்மேன் வைத்தார்கள். எல்லாருக்கும் வைத்து முடித்ததும், கிட்டங்கிச் சுவரில் தூசியை இழுத்து வடிகட்டி வெளியே விடுகிற பெரிய ஃபேன்களை நிறுத்திவிட்டார்கள்.

“மொதலாளி, ஃபேன் ஓடலையே?” என்று கேட்டது கொம்பையா, காளிராஜின் கூட்டாளி.

“அதான் ஆளாளுக்கு மூக்குல ஒரு வாட்ச்மேன் நிக்கான்ல. இவன் எதுக்குச் சும்மா சுத்திக்கிட்டு?”

“மூக்கை அவன் பூட்டிருதான் மொதலாளி. நாங்க வாயாலல்லா விடுதோம்?”

“அப்ப வாயை மூடிக்கிட்டு வேலையப் பாரு” என்றார் முதலாளி. கிட்டங்கியே சிரித்தது. கொம்பையாவும்தான் சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

கிட்டங்கியில் நிறைந்த தூசி கதவு வழியாகத் தெருவுக்கு வந்தது. தெருவிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போனது. ஆஸ்பத்திரிக் கண்ணாடி அறையில் மட்டும் எல்லாருடைய கோடும் பச்சையாகவே ஏறி நின்றது.

இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது சஷ்டிகாவுக்கு மூக்கு அடைத்தது. வாயைத் திறந்துகொண்டு உறங்கினாள், வகுப்பில் தூங்கி விழுந்தாள், சோற்றை மெல்லும்போது மூச்சுக்காக நிறுத்தினாள். அந்த நிறுத்தலைப் பார்த்ததும் காளிராஜ் சாப்பாட்டை விட்டு எழுந்து போய்விட்டான்.

“ஒருத்தருக்கு வச்சுப் பட்டது போதாதா?” என்று ஈஸ்வரி டாக்டரிடம் சண்டை போட்டாள். “பழைய மாதிரி செஞ்சு விடுங்க. நாலு வருஷமோ அஞ்சு வருஷமோ, இருந்துட்டுப் போகட்டும்.”

“பழைய முறையை இப்ப யாரும் செய்யறதில்லைம்மா. செய்யப் படிச்சவங்களும் இல்லை.” டாக்டர் பெனிட்டாவுக்குத் தலை நரைத்திருந்தது. “இப்ப வீட்டுக்கு அனுப்புறதில்லை. மண்டலம் பூரா இங்கயே, அடைச்ச அறையில. துணைக்கு ஒரே ஒரு ஆள். அந்த ஆள் வாடையைத்தான் சதை தன் வீடுன்னு படிக்கும். வழக்கமா அம்மாதான் இருப்பாங்க.”

“அப்பா இருக்கட்டும்” என்றாள் சஷ்டிகா.

மூவரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“அப்பாவுக்கு உன்கூட ஒரே ரூம்ல இருக்க முடியாதேடி” என்றாள் ஈஸ்வரி.

“என் மூக்காவது அப்பாவைக் கண்டு பயப்படாம இருக்கணும்ல.”

காளிராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். “நான் இருக்கேன் டாக்டர்” என்றான்.

அவனை ஆஸ்பத்திரி சோப்பால் குளிக்க வைத்து, புது உடுப்புக் கொடுத்து உள்ளே விட்டார்கள். அடைத்த அறை. மூலைக்கு மூலை பிள்ளையின் வாடைதான். உள்ளே கால் வைத்ததும் அவன் மூக்கு மூடியது. மண்டலம் முடியும்வரை திறக்கவில்லை. வாயால் மூச்சு விட்டு விட்டு உதடு வெடித்தது. நாக்கு கட்டையாய்க் காய்ந்தது. படுத்தால் தூக்கத்தில் யாரோ நெஞ்சில் ஏறி உட்கார்ந்த மாதிரி விழித்துக்கொள்வான். ஆனால் விழித்துப் பார்க்கும்போது அவள் தலை அவன் புஜத்தில் இருக்கும். அவனுடைய மண்டலத்துக்குப் பிறகு அது அங்கே இருந்ததில்லை.

சஷ்டிகா விரலில் வெண்ணெய் தொட்டு அவன் உதட்டில் தடவிவிடுவாள்.

“அப்பா, நான் எப்படி மணப்பேன்?”

“வெயில்ல காஞ்ச துணி மாதிரி.”

“இப்பவா?”

“இப்பவும்தான்” என்றான். இப்போது எப்படி என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

“உங்க வாடை எனக்குத் தெரியுது. ஒரு மாதிரி காரமா இருக்கு.”

அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு வேண்டியிருந்தது. அதனால்தானோ என்னவோ, அந்தக் ‘காரம்’ என்ற சொல்லைக் காதில் வாங்கி மனசில் வாங்காமல் விட்டுவிட்டான்.

மண்டலம் முடிந்து சோதனை நடந்தது. கண்ணாடி அறையில் சஷ்டிகாவுக்குக் குழாய் வைத்து, ஒவ்வொன்றாக உள்ளே விட்டுப் பார்த்தார்கள். சிமெண்ட் தூசி: கோடு விழுந்தது. வண்டிப்புகை: விழுந்தது. மெஷின் பார்க்கிற பையன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். கடைசியாக வத்தல் தூசியைக் கொஞ்சம் ஊதினான். கோடு விழவில்லை. இன்னும் மேலே ஏறியது. சஷ்டிகாவின் முகத்தில், தெரிந்தவரைக் கூட்டத்தில் கண்ட மாதிரி ஒரு சிரிப்பு வந்தது.

டாக்டர் திரும்பிக் காளிராஜைப் பார்த்தார். “எத்தனை வருஷமா கிட்டங்கியில இருக்கீங்க?”

“சின்ன வயசுல இருந்தே. ஆனா நல்லாக் குளிச்சேனே டாக்டர். உடுப்புக்கூட ஆஸ்பத்திரி உடுப்புதான்.”

“மேல இருக்கிறது குளிச்சாப் போகும். உங்களுக்கு வேர்வையிலயே ஊறிப்போயிருக்கு. நான் யோசிச்சிருக்கணும்.” அவர் கண்ணாடியைக் கழற்றினார். “அந்த வாடையைத்தான் அவ மூக்கு அப்பான்னு படிச்சிருக்கு.”

“அதுனால என்ன? என்கிட்ட வந்தா அவளுக்கு மூக்குத் திறக்கும், அவ்வளவுதானே?”

“உங்ககிட்ட மட்டும் இல்லை. கிட்டங்கித் தெருவுல திறக்கும். பள்ளிக்கூடத்துல திறக்கும். அந்தத் தூசி எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் கதவை விரியத் திறந்து வச்சு வாங்கன்னு சொல்லும். அடைப்பு வரவே வராது. பத்து வருஷம் கழிச்சு நாங்க போன்ல கேட்டாலும் பூஜ்யம்னுதான் சொல்லுவா.” டாக்டர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “நுரையீரல்ல போய்ச் சேர்றதை எங்க மெஷின் காட்டாது.”

“நான் வேலையை விட்டுர்றேன்.”

“விட்டா உங்க வாடை மாறும், ஊர்க்காத்து மாறாது. ஊரை விட்டுப் போக முடிஞ்சாப் போங்க.”

எந்த ஊருக்கு? அவனுக்குத் தெரிந்த தொழில் வத்தல் மூட்டை தூக்குவது ஒன்றுதான். வத்தல் மூட்டை இருக்கிற ஊரிலெல்லாம் வத்தல் தூசியும் இருந்தது. அப்போதைக்கு முகமூடி ஒன்று கொடுத்து அனுப்பினார்கள். வெளியே போனால் அதைக் கழற்றவே கூடாது என்று ஈஸ்வரி மகளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

சஷ்டிகா பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போட்டுக்கொண்டு போனாள். சொல் கேட்கிற பிள்ளை. வீட்டுக்கு வந்ததும்தான் கழற்றினாள். வீட்டுக்குள் என்ன பயம்?

காளிராஜ் வேலை முடிந்து கிட்டங்கிக் குழாயடியிலேயே சீயக்காய் தேய்த்துக் குளித்தான். தெருமுனைக் குழாயில் மறுபடி குளித்தான். அப்படியும் வாசலில் அவன் தலை தெரிந்ததும் வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது: “அப்பா வந்தாச்சு! எனக்குத் தெரிஞ்சிருச்சு!”

ஓடி வந்தாள். இரண்டு எட்டு இடைவெளி வைக்கிற பழக்கமெல்லாம் போய்விட்டிருந்தது. வாசற்படி மேல் ஏறி நின்றாள்.

“குனிங்கப்பா.”

“வேண்டாம் தாயி. தலை ஈரமா இருக்கு.”

“குனிங்கன்னா.”

குனிந்தான். அவன் மூக்கு எப்போதோ மூடியிருந்தது. வாயைத் திறந்து மூச்சு விட்டான். அவள் இரண்டு கையாலும் அவன் காதுகளைப் பிடித்து, நரைக்கத் தொடங்கிய அவன் உச்சியில் மூக்கை அழுத்தி வைத்து இழுத்தாள்.

உள்ளேயிருந்து ஈஸ்வரி பார்த்தாள். கையிலிருந்த செம்போடு அப்படியே நின்றுவிட்டாள்.

காளிராஜின் கை மகளை விலக்கத்தான் எழுந்தது. அவள் தோள் வரை போயிற்று. அங்கே தயங்கி, முதுகுப் பக்கம் இறங்கி, பள்ளிக்கூட உடுப்பின் மேல் தங்கிவிட்டது.

“இன்னும் போகலப்பா” என்றாள் சஷ்டிகா, அவன் தலைமுடிக்குள் சிரித்துக்கொண்டே. “எவ்வளவு குளிச்சாலும் உங்க வாடை போகவே இல்ல.”

இன்னொரு மூச்சு இழுத்தாள். அது தடையே இல்லாமல், நீளமாக, உள்ளே போயிற்று.